உங்களுக்குத் தெரியுமா? வளரி கற்றவர் எழுதிய போர்ச் சாட்சியம்

சிவகங்கைச் சீமையின் 1801 போரை நேரில் கண்டு விரிவாக எழுதியவர், சீமையின் தலைவர்களான மருது சகோதரர்களில் இளையவர் சின்ன மருதுவிடமே ஈட்டியும் வளரி என்னும் வளைந்த எறி ஆயுதமும் எறியக் கற்றுக்கொண்டு, பிறகு அவரையே எதிர்த்துப் போரிட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ்! அவருடைய நினைவுக் குறிப்புகள் 1830-இல் லண்டனில் நூலாக வந்தன.

எதிரி எழுதியதை நம்பலாமா? நியாயமான கேள்விதான். ஓராண்டில் 25 பேராவது சண்டையில் மடிந்தால் அதை ஆயுத மோதலாகப் பதியும் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்களும், செய்தியைச் சொன்னவர் யார் என்று பார்த்துத்தான் கணக்கில் சேர்க்கிறார்கள். வெல்ஷ் தன் தரப்புக்குப் பெருமை தராததையும் எழுதியவர். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதற்கு வருந்துகிறார். 1802-இல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்டோரில் சின்ன மருதுவின் இளவயது மகன் துரைச்சாமியும் ஒருவர். 1818-இல் அங்கே தன் முன் வந்து நின்ற, உடல் தளர்ந்து முதியவர்போல் தெரிந்த மனிதரை வெல்ஷுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. முப்பது வயதை ஒட்டியிருந்த துரைச்சாமிதான் அவர். தனக்குச் சங்கடமான இதையும் மறைக்காதவரின் சொல்லுக்கு எடை கொடுக்கலாம்.

ஆனால் அதே போரில் காளையார்கோவில் காட்டில் மடிந்த சீமைக்காரர்களின் பெயர்ப் பட்டியல் அவரிடம் இல்லை. அவர்கள் தரப்பின் குரலாக நமக்குக் கிடைப்பது, 1801 ஜூன் 16 அன்று திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட சின்ன மருதுவின் ஜம்புத்தீவுப் பிரகடனம். எல்லாச் சாதியாரையும் ஆயுதம் எடுக்க அழைத்தது அது.