வில்லோ மரத்துப் பேரசுவினி: ஒரு பூச்சியின் முதற் பதிவு

பயிற்றங்கொடியின் தளிரில் மொய்த்து அதனைச் சுருளச் செய்யும் சிறு பூச்சியை யாழ்ப்பாணத்துக் கமக்காரர் அழுக்கணவன் என்பர். நூல்கள் அசுவினி என்று கூறும். அசுவினிகளுட் பெரும்பாலானவை எள்ளின் அளவையும் எட்டாதவை. வில்லோ மரங்களில் வாழும் பேரசுவினியோ ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் நீளம் வரை வளர்வது. 1790 ஆம் ஆண்டிற் குமெலின் என்னும் செருமானிய அறிஞர் விவரித்த இவ்வினம் இன்று 'தியூபரோலாக்கினசு சலிக்கினசு' என்னும் பெயரால் வழங்குகின்றது. கபில நிற உடலின்மேற் கரும்புள்ளிகள் வரிசையாய் அமைந்திருக்கும். முதுகின் நடுவே ரோசா முள்ளினை ஒத்த கூம்பு ஒன்று எழுந்து நிற்கும். அக்கூம்பின் பயன் யாதென எவரும் இன்னும் தெளிவுறக் காட்டினாரல்லர். எனினும் இனத்தை இனங்காண விழைவார்க்கு அதனினும் நல்லதோர் அடையாளம் இல்லை.

இப்பூச்சியில் ஆண் இதுகாறும் எங்கும் காணப்படவில்லை. பெண்களே, ஆணின் துணையின்றி, பெண் குஞ்சுகளை உயிருடன் ஈனுகின்றன. ஆதலின் காற்றால் அள்ளுண்டு வந்த ஒரு பெண் ஒரு மரத்தை அடையுமாயின், ஒரு நாடு முழுவதையும் நிரப்புதற்கு அஃதொன்றே போதும். புதியதொரு நிலப்பரப்பில் இத்தகைய பூச்சியைக் கண்டு பதிவு செய்தல் எத்துணை இன்றியமையாதது என்பது இதனாற் புலனாகும்.

2013 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் நியூசீலாந்தின் ஓக்லாந்து நகரில் இப்பேரசுவினி அந்நாட்டில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. சில மாதங்களுள் வடதீவிலும் தென்தீவிலும் பல இடங்களில் இது காணப்பட்டது. 2014 ஆம் ஆண்டில் அவுசுதிரேலியாவிலும் இது வெளிப்பட்டது. ஈண்டு ஒன்றை நோக்குதல் வேண்டும். பதிவிற் குறிக்கப்படுவது பூச்சி காணப்பட்ட நாளேயன்றி வந்த நாளன்று. ஆயிரக்கணக்கிற் கூடிப் பட்டையை மறைக்கும் இத்துணைப் பெரிய பூச்சியே இரு தீவுகளிலும் இத்துணை விரைவில் வெளிப்பட்டதெனின், ஓக்லாந்திற் காணப்படுமுன்னரே அது பரவத் தொடங்கிவிட்டது எனக் கருதுதலே பொருத்தமாகும்.

பதிவு என்பது கண்டேன் என்று கூறுவதனோடு அமைவதன்று. பூச்சியை மதுசாரத்தில் இட்டுப் பேணி, நுணுக்குக்காட்டியின்கீழ் அதன் உறுப்புக்களை முன்னைய விவரணங்களோடு ஒப்பிட்டு, இடம், நாள், ஊட்டிய மரம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி, பிற்காலத்தார் மீண்டும் எடுத்துப் பார்க்குமாறு சேகரிப்பொன்றில் வைத்தல் வேண்டும். மரத்தின் பெயரை வெறுமனே 'வில்லோ' என்று எழுதிவிடுதல் பெருங் குறையாகும். வில்லோவிற் பல இனங்களும் கலப்பினங்களும் உள. அவையனைத்தும் இப்பூச்சிக்கு ஒரே வகையில் இரையாவன அல்ல.

வில்லோ மரம் நியூசீலாந்துக்கு உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் குடியேறிய ஐரோப்பியரால் கொண்டு செல்லப்பட்டது. அதன் வேர்கள் ஆற்றங்கரை மண்ணை இறுகப் பற்றி அரிப்பைத் தடுக்கின்றன. இளவேனிலில் ஏனைய மலர்கள் அருகியிருக்கும் வேளை அதன் மகரந்தமே தேனீக் கூட்டங்களை வளர்க்கின்றது. வில்லோக்களுட் சில இனங்கள் ஈரநிலங்களை ஆக்கிரமிக்கும் களைகளாய் இகழப்படுவதும் உண்மையே; ஆனாற் பூச்சி வேண்டிய மரம் வேண்டாத மரம் என்று பகுத்தறிந்து உண்பதில்லை.

பேரசுவினி தன் ஊசி போன்ற வாயுறுப்பைப் பட்டையினூடே செலுத்தி உரியத்தின் சாற்றை உறிஞ்சுகின்றது. அதனால் மரத்தின் வளர்ச்சி, சிறப்பாக வேரின் வளர்ச்சி, குன்றுகின்றது. கரையைக் காக்க நட்ட மரத்துக்கு வேர் குன்றுதல் சிறு கேடன்று. உண்ட சாற்றில் எஞ்சிய வெல்லம் 'தேன்பனி' என்னும் இனிய துளிகளாய்ச் சொரிகின்றது. அது படிந்த கிளைகளிலும் நிலத்திலும் கரும்பூசணம் படர்கின்றது. அத்துளிகளை நாடிக் குளவிகள் திரள்கின்றன. தேனீக்களும் அதனைச் சேர்க்கின்றன. துன்பம் விளைவது இங்கேதான். அத்துளிகளில் உள்ள மெலிசிற்றோசு என்னும் வெல்லம் எளிதிற் கரையாதது. ஆதலின் அடையிலேயே பளிங்காகி இறுகிவிடுகின்றது. பிழிபொறியிலிட்டுச் சுழற்றினாலும் அத்தேன் வெளிவாராது. தேனீ வளர்ப்போர் அதனைச் 'சீமெந்துத் தேன்' என்றனர். இளவேனிலில் மகரந்தம் தந்து தேனீயை வளர்த்த மரமே இலையுதிர்காலத்தில் அதன் அடையை அடைத்துவிடுகின்றது.

இனத்தின் பெயர் ஐயமற அறியப்பட்டமையால், அதன் இயற்கைப் பகையை வேற்று நாடுகளில் தேடுதல் இயல்வதாயிற்று. கலிபோர்ணியாவிலே இவ்வசுவினியைத் தாக்கும் 'பவேசியா நைகுரோவேரியா' என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி தெரிந்தெடுக்கப்பட்டது. அது அசுவினியின் உடலுள் முட்டையிடும். பொரித்த புழு உள்ளிருந்தே தின்று வளரும். ஈற்றில் உலர்ந்த கூடு மாத்திரம் பட்டையில் ஒட்டி நிற்கும். பிற அசுவினிகளுக்கு அதனால் ஊறு நேருமோ என்று சோதித்த பின்னர், 2019 ஆம் ஆண்டில் இசைவு பெற்று, 2020 ஆம் ஆண்டில் அக்குளவி நியூசீலாந்தில் விடுவிக்கப்பட்டது.

விடுவித்ததனோடு பணி முடிவதில்லை. எந்த மரத்தில், எந்த நாளில், எத்தனை உலர்ந்த கூடுகள் காணப்பட்டன என்று எழுதிவந்தாலன்றிக் குளவி நிலைபெற்றதா என்பதை அறிதற்கில்லை. ஆதலின் அசுவினிக்கு எழுதிய சீட்டைப் போன்றே குளவிக்கும் ஒரு சீட்டு எழுதல் வேண்டும். இடமும் நாளும் மரமும் அதிலும் இடம்பெறும்.