சோளத்துக்கும் ரேஷன் கடையில் இடம்

சோளக்களியும் கம்பங்கூழும் உண்டு வளர்ந்த தமிழர்கள் ஐதராபாத்தில் பலர். மழையை நம்பிய நிலத்துக்கு ஏற்ற இத்தானியங்களை ஆராயும் இரு பெரிய நிலையங்கள் இங்கேயே உள்ளன: 1972ல் தொடங்கிய பட்டஞ்செரு ‘இக்ரிசாட்’, ராஜேந்திரநகரில் இந்தியச் சிறுதானிய ஆராய்ச்சி நிலையம். நல்ல விதை வந்தும் சோள சாகுபடி சுருங்கியது ஏன்?

விதை மட்டும் போதாது. விளைந்ததை வாங்க ஆள் வேண்டும். 1983ல் என்.டி. ராமராவ் அரசு கிலோ 2 ரூபாய்க்கு அரிசி வழங்கியது. ஏழைகளின் பசி தணிந்தது. ஆனால் ரேஷனில் இடம் பெறாத சோளத்தின் மதிப்பு சரிந்தது.

ஜஹீராபாத் பகுதிக் கிராமப் பெண்கள் இதற்கு வழி கண்டனர். ‘டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி’ உதவியுடன் 1990களில் தரிசு நிலங்களைத் திருத்தி, தொழு உரமிட்டுச் சோளம் விளைவித்தனர். வாங்கிய கடனைத் தானியமாகவே திருப்பித் தந்தனர். அத்தானியம் அந்தந்த ஊர் ஏழைகளுக்கே மலிவாகக் கிடைத்தது. 2019ல் ஐ.நா.வின் ‘ஈக்வேட்டர்’ பரிசு இவர்களைத் தேடி வந்தது.

2013ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுதானியங்களையும் ரேஷனில் சேர்த்தது. 2023ல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. கடையில் இடம் கிடைத்தால், வயலிலும் இடம் கிடைக்கும்.