பல்லேகமவில் நுவரெலியாப் புல்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறினால் றிவஸ்டனில் காது விறைக்கும். மறுபக்கம் இலுக்கும்புர தாண்டி பல்லேகமவுக்கு இறங்கும்போது முதுகு வியர்த்து நனைந்துவிடும். ஒரே வீதி, இரண்டு காலநிலை. புல் விதை வாங்கப் போகிறவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்.

பழைய பல்லேகம நகரம் களுகங்கை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. அதற்கு ஈடாக எழுந்தது லக்கல புதிய நகரம். புது வீடு, வெறும் செம்மண் முற்றம் என்றால் எவருக்கும் பச்சைக் கம்பளம் விரிக்க ஆசை வரும். நுவரெலியாவில் பார்த்த புல் கண்ணுக்குள்ளேயே நிற்கும். ஆனால் ரை புல், பெஸ்கியூ, கென்டக்கி புளூகிராஸ் எல்லாம் குளிர்நாட்டுப் பிள்ளைகள். 15 முதல் 24 பாகை வெப்பம்தான் அவற்றுக்கு உவப்பு. வெயில் ஏறினால் காபனீரொட்சைட்டைப் பிடிக்க வேண்டிய நொதியம் ஒட்சிசனையும் சேர்த்துப் பிடிக்கும். சேமித்த சக்தி வீணாகும், வேர் சுருங்கும். தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்பது வெறும் நப்பாசை. ஈரமும் சூடும் சேர்ந்தால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். அறுகுக்கோ அந்தச் சிக்கல் இல்லை. காபனை இலைக்குள்ளேயே செறிவாக்கிக் கொடுக்கும் ஏற்பாடு அதற்கு உண்டு.

நுவரெலியாவிலும் விதையைத் தூவிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. 1848இல் அங்கே ஆங்கிலப் பாணிப் பண்ணை போட வந்த சாமுவேல் பேக்கர், எரு இல்லாமல் அந்த மண் எதையும் தராது என்பதைக் கையைச் சுட்டுக்கொண்டுதான் கற்றார். மலைமண் புளிப்பானது, டொலமைற் தேவைப்படும். ரை புல் ஒரு வாரத்தில் முளைத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் குத்துக் குத்தாக நிற்கும். புளூகிராஸ் முளைக்க மூன்று வாரமும் ஆகலாம். பிறகு நிலத்தடித் தண்டால் படர்ந்து இடைவெளிகளை அதுவே மூடும். அதனால்தான் இரண்டையும் கலந்து விதைக்கிறார்கள். விதை அரை சென்றிமீற்றருக்கு மேல் ஆழம் போகக்கூடாது. கொட்டும் மழையில் விதைத்தால் அடுத்த வீட்டுக்காரருக்குத்தான் புற்றரை.

பல்லேகமவுக்குப் போகிற வழியில் பிட்டவல பத்தனைப் புல்வெளியில் இறங்கிப் பாருங்கள். பாறைமேல் மெல்லிய மண், அதில் குட்டையான புல், யாரும் விதைக்காதது.

பல்லேகம முற்றத்துக்கு, வெயில் விழும் இடத்தில் அறுகு. பலாமர நிழலில் மலேசியன் புல். விதை வேண்டாம், மண்ணோடு பெயர்த்த துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் நடலாம். ஒக்ரோபர், நவம்பர் மழையில் நட்டால் அடுத்த ஆண்டு நடுவில் வரும் வறண்ட காற்றுக்கு முன் வேர் இறங்கிவிடும். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

இத்தனைக்கும் முன்னால் வேலியைப் போடுங்கள். புதுப் புல் துளிர்த்த செய்தி நமக்கு முன் மாட்டுக்குப் போய்விடும்.