பருத்தி பூசிய பேஸ் கிட்டார்

காரியாபட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒருவர் தன் மெல்லிசைக் குழுவைக் கலைத்துவிட்டாராம். அவர் வீட்டுப் பரணில் பழைய பேஸ் கிட்டார் ஒன்று கிடக்கிறது. தலைப்பகுதியில் ஃபெண்டர் என்று போட்டிருக்கிறது, அறுபதுகளில் செய்தது என்கிறார்கள், சொல்லும் விலையும் கூடத்தான். வாங்கலாமா? வாங்கினால், ஆங்காங்கே உதிர்ந்திருக்கும் பெயின்ட்டைக் கார் பட்டறையில் கொடுத்துப் புதிதாக அடித்துக்கொள்ளலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

நான்கு தந்தி, பிக்கப், ஆம்ப்ளிஃபையர் என்பதெல்லாம் கச்சேரி மேடை பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் பேஸ் கிட்டாரின் சத்தத்தை நம் பக்கம் ஒரு தலைமுறை சரியாகக் கேட்டதே இல்லை. அடித்தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. பொங்கல் திருவிழாவுக்கு மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கொடுக்க முடியாது. இளையராஜா குழுவில் சசிதரன் வாசித்த பேஸ் முழுவதும் அந்தக் குழாயிலேயே தொலைந்துபோனது. 1980இல் வந்த ‘மூடுபனி’ படத்தில் யேசுதாஸ் பாடிய கிட்டார் பாட்டை இன்று நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். பாடகருக்கு இணையாகக் கீழே இன்னொரு மெட்டு நடந்துகொண்டிருப்பது தெரியும்.

இந்தக் கருவியைச் சந்தையில் நிலைநிறுத்தியவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1951இல் ‘பிரிசிஷன் பேஸ்’, 1960இல் ‘ஜாஸ் பேஸ்’. 1965 ஜனவரியில் கம்பெனியை 1.3 கோடி டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அதற்கு முன் செய்தவற்றுக்குத்தான் வெளிநாட்டில் பல லட்ச ரூபாய் கொடுக்கிறார்கள்.

எனக்கு இதில் தீராத ஆச்சரியம் அதன் மேல்பூச்சு. பெயர் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். கரிசல் காட்டுக்காரர்களுக்கு இது அந்நியச் சரக்கு இல்லை, மூலப்பொருள் பருத்திதான். கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை இழையை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறவைத்து, அலசிக் காயவைத்தால் பார்வைக்குப் பஞ்சாகவே இருக்கும். தீப்பொறி பட்டால் புகையே இல்லாமல் ‘குப்’பென்று மறைந்துவிடும். ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்து வேதியியலாளர் ஷோன்பைன் 1846இல் உலகுக்கு அறிவித்த துப்பாக்கிப் பஞ்சு இது. சிவகாசி மருந்தில் எரிகிற சரக்கு வேறு, அதற்கு ஆக்சிஜன் கொடுக்கும் வெடியுப்பு வேறு. இரண்டையும் கலக்கிற அறையில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். துப்பாக்கிப் பஞ்சிலோ இரண்டும் ஒரே மூலக்கூறுக்குள் அடங்கிவிடுகின்றன. அதிலுள்ள நைட்ரஜன் 13 சதவீதத்தை ஒட்டிப் போனால் வெடிமருந்து. 11, 12 சதவீதத்தில் நிறுத்திக் கரைப்பானில் கரைத்தால் பளபளப்பான பூச்சு.

1920களில் டூபான்ட் கம்பெனி இதையே ‘டூக்கோ’ என்று கார்களுக்குக் கொண்டுவந்தது. லியோ ஃபெண்டரும் கூடுதல் காசு வாங்கிக்கொண்டு கார் நிறங்களைக் கிட்டாருக்கு அடித்துக் கொடுத்தார். ‘ஃபியஸ்டா ரெட்’ ஃபோர்டு தண்டர்பேர்டின் சிவப்பு, ‘லேக் பிளாசிட் புளூ’ காடிலாக்கின் நீலம். நிறத்துக்கு மேல் அடித்த தெளிவான லேக்கர் வருஷம் போகப் போக மஞ்சள் பூக்கும். மஞ்சளுக்கு அடியில் நீலம் இருந்தால் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும். அதனால் நீலமாகப் பிறந்த பல கிட்டார்கள் இன்று பச்சையாக இருக்கின்றன. வெள்ளை, வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிடும். தந்திக்குக் கீழே திருகியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினால், வெளிச்சம் படாத இடத்தில் பழைய நிறம் எட்டிப் பார்க்கும்.

கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிற பூச்சு இது. ஐம்பது வருஷம் கழித்துத் தின்னர் துணி பட்டாலும் இளகும். ரப்பர் வைத்த ஸ்டாண்டில் மாதக்கணக்கில் சாய்த்து வைத்தால், ரப்பர் தொட்ட இடம் பிசுபிசுத்துத் தழும்பாகிவிடும். வெயிலிலும் குளிரிலும் மாறி மாறிக் கிடந்தால் மேலே மயிரிழை விரிசல்கள் ஓடும். விரிசலும் உதிர்வும் மஞ்சளும்தான் அந்தக் கருவியின் வயதுச் சான்று. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பெயின்ட் அடித்தால் விலை ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது வியாபாரிகள் கணக்கு. விலையை விடுங்கள், அறுபது வருஷம் ஒருவர் கை பட்டுத் தேய்ந்த இடத்தை மூடி மறைக்க நமக்கு என்ன அவசரம்?

ஏற்கெனவே யாராவது பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று பார்க்கக் கடைகளில் கள்ளநோட்டுச் சோதிக்கும் ஊதா விளக்கே போதும். இருட்டில் காட்டுங்கள். பழைய லேக்கர் ஒரே சீராக மங்கிய மஞ்சளாய் ஒளிரும், பின்னால் ஒட்டுப் போட்ட இடம் தனித் திட்டாக நிற்கும். வயதுக்கு இன்னொரு சாட்சி வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர். அதன் முதுகில் 1376617 என்று அடித்திருந்தால், 137 என்பது சி.டி.எஸ். கம்பெனி, 66 வருஷம், 17 அந்த வருஷத்தின் பதினேழாவது வாரம். அதாவது 1966 ஏப்ரல் கடைசி. பின்னால் யாரும் அதை மாற்றவில்லை என்றால், கிட்டார் அதற்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது. வெளியே தெரியும் சீரியல் நம்பரை மட்டும் நம்பாதீர்கள். அந்த நம்பர் பொறித்த தகட்டை எந்தக் கிட்டாரிலும் திருகிவிடலாம்.

இனி நெக், அதாவது கிட்டாரின் கழுத்து. நான்கு தந்தியும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ விசையில் அதை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதை எதிர்த்து நிற்பது உள்ளே ஓடும் ஓர் இரும்புக் கம்பி. அருப்புக்கோட்டையில் எங்கள் அம்மா தறியில் உட்கார்ந்தால், சித்திரைக் காற்று காயக் காயப் பாவு இழை அறுந்துகொண்டே இருக்கும். ஈரம் போனால் இழுவையில் இருக்கும் எந்தப் பொருளும் அப்படித்தான் தன் குணத்தைக் காட்டும். மரம் சுருங்கும், அதில் குறுக்கே பதித்த உலோக ஃப்ரெட் சுருங்காது. நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட் முனைகள் கீறினால் பரணின் வெக்கை அதற்குள் இறங்கியிருக்கிறது. முனைகளை அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். ஆனால் நெக் முறுக்கிக்கொண்டிருந்தாலோ, உள்கம்பியின் நட்டு இதற்கு மேல் திரும்பாது என்றாலோ வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

இப்படிப்பட்ட கருவி பரணுக்கு ஏன் போகிறது? மடிக்கணினியில் டிராக் ஓடவிட்டுப் பாடுகிற கச்சேரிகள் பெருகிவிட்டன. பேஸ் வாசித்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், கருவி பரணுக்குப் போய்விட்டது. கொடுக்கிற கூலியில் முதலில் வெட்டுப்படுவது யாருக்கும் கேட்காத அந்த ஆளின் பங்குதான். கோயில் கமிட்டிகள் வாணவேடிக்கைக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கை இவர்களுக்கு ஒதுக்கலாம். அதைப்போலவே, பழைய ஃபெண்டர் என்றதும் வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி விலை ஏறக் காத்திருப்பவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு.

ஆகவே நண்பரே, வாசிக்கப்போகிறீர்கள் என்றால் போய்ப் பாருங்கள். எழுதியிருக்கிற பெயருக்காகப் பணம் கொடுக்காதீர்கள், பெயர் ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். ஜப்பானில் செய்த ஃபெண்டராக இருந்தாலும் ஏமாற்றமடைய வேண்டாம். 1982இல் அங்கே தொடங்கியபோது வந்த, சீரியல் ஜே.வி. என்று ஆரம்பிக்கும் கருவிகளை விஷயம் தெரிந்தவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

பழைய ஆம்ப்ளிஃபையரையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னால் பிளக்கைப் பாருங்கள். இரண்டு முள் என்றால் எர்த் கிடையாது. பேஸின் தந்திகள் ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபையரின் உடம்போடு இணைந்திருக்கின்றன. உள்ளே கரண்ட் கசிந்தால் அது நேராகத் தந்திக்கு வரும். வாசிப்பவர் மைக்கைத் தொட்ட நொடியில் உடம்பு வழியாகப் பாயும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று முள் பிளக் போட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகு முதல் தந்தியைத் தொடுங்கள்.