உள்ளே தெரியும் விமானம்: ஒரு படம் உருவாகும் விதம்

இலண்டனில் 1909 ஜனவரி 2ஆம் திகதி, ஸ்டான்லி ஸ்பூனரை ஆசிரியராகக் கொண்டு ‘ஃப்ளைட்’ வார ஏட்டின் முதல் இதழ் வெளிவந்தது. பொறியியல் தெரிந்த எழுத்தாளர், ஜான் யாக்சால் போன்ற புகைப்படக்காரர், அச்சுக்கோப்பவர், பிழை திருத்துபவர் எனப் பலருடைய உழைப்பில் வளர்ந்தது அந்த விமான ஏடு. அவர்களுள் தனித்துச் சொல்லத்தக்கவர் உள்வெட்டுப் படம் வரையும் ஓவியர். விமானத்தின் மேலுறையை ஆங்காங்கே நீக்கி, சட்டகம், இயந்திரம், எரிபொருள் தாங்கி ஆகியவற்றை ஒரே பார்வையில் காட்டுவது அவர் வேலை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இதில் பேர்பெற்றவர் மாக்ஸ் மில்லர். ‘ஆட்டோகார்’ என்ற மோட்டார் ஏட்டுக்கும் வரைந்தவர்.

முதல் வேலை தரவு திரட்டல். தொழிற்சாலையின் வரைபடங்களும் புகைப்படங்களும் போதா. கட்டுமானத்தில் இருக்கும் விமானத்தின் அருகே ஓவியர் குறிப்பேட்டுடன் நின்று, குழாய் எந்தச் சட்டத்தைத் துளைத்துப் போகிறது, கம்பி எங்கே வளைகிறது என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பார்வைக் கோணம். பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்து சற்று மேலாகவும் பக்கவாட்டாகவும் நோக்கும் கோணமே தேர்வாகும். அதன் பின் பென்சில் சட்டகம். உடற்பகுதியின் வட்டமான விலாச் சட்டங்கள் சாய்ந்த பார்வையில் நீள்வட்டங்களாகத் தெரியும். தூரம் கூடக்கூடச் சிறுக்கும். அவற்றைத் தத்தம் இடத்தில் வரைந்து, நீளவாக்குச் சட்டங்களால் இணைத்தால் விமானம் உருப்பெறும். இங்கே ஒரு நீள்வட்டம் பிசகினால் பின்னால் எதுவும் பொருந்தாது.

இனி எங்கே வெட்டுவது? ஓவியரின் அறிவு முழுவதும் வெளிப்படும் இடம் இதுதான். பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்துக்கு வலைப்பின்னல் போன்ற உலோகச் சட்டகம், மேலே துணி. துணியை நீக்கினால் அமைப்பே வெளியே வந்துவிடும். மொஸ்கிட்டோ விமானம் அப்படியன்று. அதன் உடலில் இரண்டு ஒட்டுப்பலகைத் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் இருக்கிறது. ஆகவே வெட்டிய விளிம்பிலேயே மூன்று அடுக்குகளையும் காட்டியாக வேண்டும். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் ஏறத்தாழ 10 மீட்டர் நீளமான குண்டறையைத் திறந்து காட்டும்போது, அதற்கு மேலுள்ள தளம் காற்றில் தொங்குவதாகத் தோன்றக் கூடாது. அதிகம் நீக்கினால் விமானத்தின் உருவம் கலையும். குறைவாக நீக்கினால் படத்தால் பயனில்லை.

சக்கரத்தையும் அதன் இறப்பர் டயரையும் ஓவியர் விடுவதில்லை. 1942இல் மலாயா ஜப்பானியர் வசமான பின் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தந்த முதன்மை நாடு இலங்கை. கேகாலைத் தோட்டங்களில் நம்மவர் வெட்டிய பாலும் அதில் அடங்கும். தரையிறங்கும்போது எழும் வெப்பத்தைத் தாங்க விமான டயருக்கு இன்றும் இயற்கை இறப்பரே பெரிதும் வேண்டியிருக்கிறது.

பின்னர் மை. படம் அச்சில் பாதியாகச் சுருங்குமானால் 0.3 மில்லிமீட்டர் கோடு 0.15 ஆகிவிடும், கோடுகளுக்கிடையிலான வெளியும் அதே அளவு குறுகும். ஆகவே நெருங்கிய கோடுகள் அச்சில் ஒட்டிக்கொள்ளாதபடி இடைவெளியை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். புறவரிக்குத் தடித்த கோடு, உட்பகுதிக்கு மெல்லிய கோடு. மை காய்ந்த பின் உறுப்புகளுக்கு எண் இட்டு, பெயர்ப்பட்டியல் எழுதி, பொறியியலாளரிடம் சரிபார்ப்பார்கள். போர்க்காலத்தில் தணிக்கையும் உண்டு.

கடைசியில், அக்காலத்து அச்சு முறையில், பிளாக் என்னும் அச்சுக்கட்டை. கோட்டுப் படத்தைப் படம்பிடித்து, அந்த நெகட்டிவ் வழியாக ஒளிபடும் பூச்சுள்ள துத்தநாகத் தகட்டில் பதிப்பார்கள். தகட்டை நைத்திரிக் அமிலத்தில் இடும்போது கோடில்லாத இடங்கள் அரிபடும். கோட்டின் பக்கங்களை அமிலம் தின்னாதிருக்கப் பிசின்தூள் தூவிச் சூடாக்கி, பலமுறை அரிப்பார்கள். தகட்டை மரக்கட்டையில் அறைந்து, ஈய எழுத்தின் 0.918 அங்குல உயரத்துக்குச் சமமாக்கினால் எழுத்தும் படமும் ஒன்றாக அச்சேறும்.

இரத்தினபுரி, கேகாலைப் பாடசாலைகளில் வரைதல் கற்கும் மாணவருக்கு ஒரு வார்த்தை: பயிற்சிக்கு விமானம் வேண்டியதில்லை. இறப்பர் தொழிற்சாலையில் பால்தட்டு உருட்டும் றோலர் இயந்திரம் இருக்கிறது. அனுமதி பெற்று அருகில் நின்று, அதன் பற்சக்கரங்களை எண்ணி, மூடியை நீக்கிய நிலையில் ஒருமுறை வரைந்து பாருங்கள்.