சீன அடுக்களையில் சுத்தபோசனம்

சீன உணவு என்றவுடன் நம்மில் பலருக்குக் கோழியும் இறாலும் முட்டை கலந்த சோறுமே நினைவுக்கு வருகின்றன. புலால் உண்ணாதவர்களுக்கு அங்கே என்ன கிடைக்கப் போகிறது என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் உலகின் பழமையான சைவச் சமையல் முறைகளுள் ஒன்று சீனநாட்டிலேதான் வளர்ந்தது. ஒரு குடும்பமே நின்று நடத்தும் சிறிய சீன உணவகங்களில் இன்றும் அதன் சாயலைக் காணலாம். அந்தச் சமையல் எவ்வாறு தோன்றியது, அத்தகைய உணவகத்தில் நாம் எதைக் கேட்டு உண்ண வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு சொல்லின் கதை

சீன மொழியில் 'ஜாய்' என்றொரு சொல் உண்டு. பண்டைக் காலத்தில், பலி செலுத்தும் முன் உடலையும் உள்ளத்தையும் தூய்மைப்படுத்திக் கொள்வதை அது குறித்தது. புத்த சமயம் சீனாவில் பரவிய பின், துறவிகள் உண்ணும் புலால் இல்லா உணவுக்கும் அப்பெயரே நிலைத்தது. கி.பி. 502 முதல் 549 வரை ஆண்ட லியாங் அரசர் வூ, துறவிகள் புலாலையும் மதுவையும் விலக்க வேண்டும் என்று வற்புறுத்தியதோடு, தாமும் அவ்வாறே வாழ்ந்து காட்டினார். இல்லறத்தாரில் பலர் இன்றும் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மட்டும் 'ஜாய்' உண்கின்றனர்.

கத்தோலிக்கராகிய நமக்கு இச்சொல் அந்நியமானதன்று. சீனாவில் மறைபரப்பிய இயேசு சபைக் குரு மத்தேயு ரிச்சி 1603-இல் சீன மொழியில் வெளியிட்ட மறைவிளக்க நூலில், நோன்பின் உண்மைக் காரணத்தை விளக்க இடம் ஒதுக்கினார். பாவத்துக்காக வருந்துவதும் ஆசைகளை அடக்குவதுமே அதன் நோக்கம் என்றார். சீனக் கத்தோலிக்கர் நாம் 'ஒருசந்தி' என்பதைப் 'பெரிய ஜாய்' என்றும், 'சுத்தபோசனம்' என்பதைச் 'சிறிய ஜாய்' என்றும் வழங்குகின்றனர். அவர்களும் நாமும் உணவைத் தூய்மையோடு சேர்த்தே எண்ணியிருக்கிறோம் என்பது வியப்புக்குரியது அல்லவா?

அவரையும் கோதுமையும்

புலாலை நீக்கினால் உடலுக்கு வலுவூட்டுவது எது? சீனர் கண்ட முதல் விடை சோயா அவரை. அவரையை ஊறவைத்து அரைத்து, பால் பிழிந்து காய்ச்சி, அதில் ஜிப்சம் போன்ற உப்பைச் சேர்த்தால் பால் திரியும். அதை அழுத்தி நீரை வடித்தால் கிடைப்பதே 'டோஃபு'. நாம் பாலை எலுமிச்சைச் சாற்றால் திரித்துப் பன்னீர் செய்வதை ஒத்தது இது. ஆனால் இதில் மாட்டுப்பால் துளியும் இல்லை.

இரண்டாவது விடை கோதுமை. நாம் அல்வா செய்யக் கோதுமைப் பாலை எடுத்துக்கொண்டு சக்கையை ஒதுக்குகிறோம். சீனச் சமையற்காரர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார். பிசைந்த மாவைத் தண்ணீரில் கழுவிக் கழுவி, வெண்மையான பாலைப் போகவிட்டு, இழுத்தால் நீளும் பசைப்பொருளை வைத்துக்கொள்கிறார். அதை வேகவைத்தாலும் பொரித்தாலும் மென்று உண்ண இறைச்சியைப் போலவே இருக்கும். புரதம் மிகுந்தது. இவற்றோடு உலர்ந்த காளான், மூங்கில் குருத்து, முட்டைக்கோசு முதலியவை சேர்ந்து 'லுவோஹான் ஜாய்' என்னும் கூட்டாகின்றன. புத்தாண்டின் முதல் நாளில் பல சீன வீடுகளில் இதுவே உணவு.

இன்னொரு வியப்பும் உண்டு. புத்த மடங்களின் சமையலில் வெங்காயம், பூண்டு முதலிய கார மணமுள்ள ஐந்து பொருள்களும் விலக்கப்படுகின்றன. அவை மனத்தின் அமைதியைக் கலைக்கும் என்பது அவர்கள் கருத்து.

குடும்பம் நடத்தும் கடை

மடத்துச் சமையல் நாளடைவில் ஊருக்குள்ளும் வந்தது. ஷாங்காய் நகரில் 1922-இல் தொடங்கிய 'கோங்தெலின்' என்ற சைவ உணவகம் இதற்குப் புகழ்பெற்ற சான்று.

நம் நாட்டில் சீனச் சமையலின் தாய்வீடு கொல்கத்தா. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அங்கே சீனர் குடியேறினர். அவர்களுள் ஹக்கா மக்கள் டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழில் செய்தனர். புத்த சமயத்தவரும் கிறிஸ்தவரும் அவர்களிடையே உண்டு. 1962-இல் இந்திய-சீனப் போர் மூண்டபோது, இந்நாட்டில் வாழ்ந்த சீன வமிசத்தார் சுமார் 3,000 பேர் இராஜஸ்தானில் உள்ள தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். பலர் பின்னர் வெளிநாடுகளுக்குச் சென்றுவிட்டனர். 1996-இல் தோல் பதனிடும் ஆலைகளை நகரிலிருந்து அகற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எஞ்சியிருந்த குடும்பங்கள் பலவற்றுக்கு உணவகமே வாழ்வாதாரம் ஆயிற்று.

இவர்களிடம் உண்ண வருவோருள் மார்வாடிகளும் சமணரும் உண்டு. அவர்களுக்காகச் சோற்றிலும் நூடுல்ஸிலும் காய்கறி மட்டும் சேர்த்துச் சமைக்க இக்குடும்பங்கள் பழகின. கொல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங் 1975-இல் மும்பையில் கோழி மஞ்சூரியனை உருவாக்கினார். அதைப் பின்பற்றிக் காலிஃபிளவர் மஞ்சூரியன் நம் ஊர்த் தெருமுனை வரை வந்துவிட்டது. மஞ்சூரியா நாட்டில் அப்படி ஒரு பண்டம் இல்லை!

பெயரை நம்பலாமா?

சீன உணவுப் பட்டியலில் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்வது சரியன்று. 'மாப்போ டோஃபு' என்பதில் டோஃபுவோடு கொத்திய இறைச்சியும் சேர்வதே மரபு. 'மீன்மணக் கத்தரிக்காய்' என்பதில் மீன் கிடையாது. மீனுக்கு இடும் மசாலையின் மணமே அப்பெயருக்குக் காரணம். ஆனால் அதில் பன்றி இறைச்சி கொத்திப் போடும் வழக்கம் உண்டு. சைவ உணவகத்திலோ 'வாத்து' என்று வருவது சோயாவாகவோ கோதுமைப் பசையாகவோ இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாதவை இன்னும் முக்கியமானவை. காய்கறி சூப்பின் நீர் கோழி எலும்பு வேகவைத்த சாறாக இருக்கலாம். அதன் மேல் முட்டையை நூல்போல் ஊற்றியிருக்கலாம். நூடுல்ஸ் மாவிலும் முட்டை இருக்கலாம். பளபளக்கும் கீரை வறுவலில் ஆய்ஸ்டர் சாஸ் சேர்ந்திருக்கலாம். அது கடற்சிப்பியின் சாற்றிலிருந்து 1888-இல் சீனாவின் குவாங்டொங் மாநிலத்தில் பிறந்தது. இப்போது காளானில் செய்த சைவ சாஸும் கிடைக்கிறது. அஜினோமோட்டோவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. 1908-இல் ஜப்பானிய அறிஞர் இக்கேடா அதன் சுவைப்பொருளைக் கடற்பாசியிலிருந்தே பிரித்தெடுத்தார். இன்று கரும்புப் பாகு போன்றவற்றை நொதிக்கவைத்துச் செய்கிறார்கள்.

நான்கு வகை விதிகள்

'சைவம்' என்ற ஒரே சொல்லால் எல்லாருடைய தேவையையும் சொல்லிவிட முடியாது.

1. திருச்சபையின் சுத்தபோசனம்: 14 வயது நிறைந்தோர்க்கு உரியது. இறைச்சி விலக்கு, மீனும் முட்டையும் பாலும் விலக்கல்ல.
2. நம் ஊர்ச் சைவம்: இறைச்சி, மீன், முட்டை விலக்கு, பாலும் நெய்யும் உண்டு.
3. சீனப் புத்த 'ஜாய்': இறைச்சி, மீன், முட்டையோடு வெங்காயம், பூண்டும் விலக்கு.
4. 'வீகன்' என்னும் நனிசைவம்: 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் முதலியோர் இப்பெயரைச் சூட்டினர். இறைச்சி, மீன், முட்டையோடு பால், நெய், தேனும் விலக்கு.

சீனச் சமையலில் பாலும் நெய்யும் அரிது. ஆகவே நம் ஊர்ப் பாயசத்தையும் நெய்ச்சோற்றையும் உண்ண முடியாத வீகன் ஒருவர், நல்ல சீன உணவகத்தில் முட்டையையும் சாஸையும் எலும்புச் சாற்றையும் விசாரித்துக்கொண்டு வயிறார உண்ணலாம்.

கேட்கும் முறை

"சைவமா?" என்று மட்டும் கேட்டால் "ஆம்" என்ற பதிலே வரும். "நூடுல்ஸில் முட்டை உண்டா? சூப்பில் எலும்புச் சாறு உண்டா? எந்த சாஸ் ஊற்றுகிறீர்கள்? சட்டியைக் கழுவி, வேறு எண்ணெயில் செய்ய முடியுமா?" என்று பொருளைச் சொல்லிக் கேட்க வேண்டும். குடும்ப உணவகத்தின் சிறப்பு இங்கேதான் விளங்கும். பணம் வாங்குபவர் தாயாகவும் சட்டியைப் பிடிப்பவர் தந்தையாகவும் இருக்கும் கடையில், கேள்வி நேரே அடுப்படிக்குச் செல்லும். மறுமொழியும் அங்கிருந்தே வரும். கூட்டம் இல்லாத நேரத்தில் சென்று பணிவோடு கேட்டால், பட்டியலில் இல்லாத உணவையும் செய்து தருவார்கள். முடியாது என்று அவர்கள் சொன்னாலும் அதை நேர்மையாகக் கொண்டு நன்றி கூறுவதே முறை.

தோழியரே, உணவு விரதம் பூண்ட ஒருவர் வெளியில் உண்ணும்போது, தம் நேர்ச்சையைக் கண்ணால் காணாத ஒரு சமையற்காரரின் கையில் ஒப்படைக்கிறார். வேற்று நாட்டு வமிசத்தவர், வேற்றுச் சமயத்தவர், நம் பொருட்டுச் சட்டியைக் கழுவி அடுப்பில் ஏற்றுகிறார் என்றால் அதுவும் அன்புப் பணியே. நம் வீட்டுக்கு விருந்தினர் வரும்போது நாமும் அவ்வாறே, "உங்களுக்கு எது ஆகாது?" என்று முதலில் கேட்டு, சொன்னதை மறவாமல் காப்போமாக.