பாலித் தீவில் ஒரு போணி

வியாபாரத்தில் இரண்டு வகை வாடிக்கையாளர் உண்டு. ஒருவர் நாளையும் வருவார். மற்றவர் இன்றோடு சரி. அவர் முகத்தை நாம் மறுபடி பார்க்கப் போவதில்லை. நாளை வருகிறவரிடம் விலையில் விளையாட யாருக்கும் துணிவு வராது. மறுபடி வராதவரிடம் நடந்துகொள்ளும் விதத்தில்தான் ஒரு கடைவீதியின் நாணயம் தெரியும்.

இதற்கு எடுத்துக்காட்டாக இந்தோனேசியாவின் பாலித் தீவைப் பார்ப்போம். புதுமணத் தம்பதிகள் ஊட்டி, கொடைக்கானல் என்று போன காலம் மாறி, இப்போது பலர் அங்கே போகிறார்கள். 2023-ஆம் ஆண்டில் பாலிக்கு வந்த வெளிநாட்டினரில் ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்த இடம் இந்தியர்களுக்கு. நமது மண்டியில் நெடுநாளாகச் சரக்கு எடுக்கும் மளிகைக்காரர் ஒருவரின் மகனும் மருமகளும் கூட்டா கடற்கரையில் ஆறு நாள் தங்கி வந்தார்கள். ஐந்து நாள் கடலுக்கு, ஒரு நாள் கடைக்கு. கல்லாவில் உட்கார்ந்து பழகிய பிள்ளை அல்லவா! அந்த ஒரு நாளை வியாபாரக் கண்ணோடு பார்த்து வந்திருக்கிறார். அவர் சொன்னதில் நம் வணிகர்களுக்குப் பயன்படுவதை இங்கே தருகிறோம்.

பணம் மாற்றிய கதை

அந்த நாட்டுப் பணம் ரூப்பியா. 2025-ல் நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 190 ரூப்பியா. பெரிய நோட்டு ஒரு லட்சம். நம் கணக்கில் ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். கடைக்காரர்கள் பேச்சில் ஆயிரத்தை விட்டுவிடுவார்கள். 'ஐம்பது' என்றால் ஐம்பதாயிரம். புதிதாகப் போகிறவருக்குத் தலை சுற்றும்.

அந்தத் தலைசுற்றலையே முதலாக வைத்துப் பிழைப்பவர்களும் உண்டு. காலையில் தம்பதியர் ஒரு சந்துக் கடையில் டாலர் மாற்றப் போனார்கள். பலகையில் எழுதியிருந்த விலை மற்ற இடங்களைவிடக் கூடுதல். கடைக்காரர் சிறு நோட்டுகளாக எண்ணி, அடுக்கி, மறுபடியும் எண்ணி நீட்டினார். பிள்ளை வாங்கிப் பையில் வைக்கப் போகும்போது, "இருங்க, நானும் ஒரு தடவை எண்ணிடறேன்" என்று மருமகள் கை நீட்டினார். நான்கு லட்சம் குறைந்தது! எண்ணும்போதே சில நோட்டுகளை மேசைக்குப் பின்னால் நழுவவிடும் கைவித்தை அது. அங்கே பழைய மோசடி. டாலரைத் திருப்பி வாங்கிக்கொண்டு, மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வேறு இடத்தில் மாற்றினார்கள்.

"அந்தச் சந்துல துணிக்கடை, செருப்புக்கடை எல்லாம் இருந்துச்சு பெரியப்பா. எதுலயும் ஏற மனசு வரலை" என்றார் பிள்ளை. ஒருவர் செய்த தப்புக்கு அந்த வரிசை முழுவதும் வியாபாரத்தை இழந்தது. எடை குறைப்பவரையும் கலப்படம் செய்பவரையும் அதிகாரி வந்து பிடிக்கட்டும் என்று பக்கத்துக் கடைக்காரர் சும்மா இருக்கலாகாது. நஷ்டம் அவருக்கும்தான். சங்கம் எதற்கு என்று கேட்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சந்தையில் முதல் வியாபாரம்

கூட்டாவிலிருந்து உபுத் போகும் வழியில் ஊருக்கு ஒரு தொழில். பத்துபுலானில் கற்சிற்பம், செலுக்கில் வெள்ளி நகை, பத்துவானில் ஓவியம், மாஸ் என்ற ஊரில் மரச்சிற்பம். நம் திண்டுக்கல் பூட்டு, காஞ்சிபுரம் பட்டு போல. அதே வழியில் சுகாவதி சந்தை. நம் கைலி போன்ற சரோங், பாத்திக் துணி, கூடை, மரப்பொம்மை எல்லாம் குவிந்து கிடக்கும். கடை நடத்துபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒவ்வொரு கடை வாசலிலும் ஓலைத் தட்டில் பூவும் ஊதுவத்தியும் வைத்துப் படைத்திருப்பார்கள்.

ஒரு வயதான அம்மாள் சரோங்குக்கு 'நூற்றைம்பது' என்றார். பேரம் நடந்தது. அங்கே முதலில் சொல்லும் விலை பாதிக்கும் கீழே இறங்குவது சாதாரணம். எழுபதில் வந்து நின்றது. பிள்ளை அறுபது என்று பிடிவாதம் பிடித்தார். அப்போது அந்த அம்மாள் 'பெங்லாரிஸ்' என்று ஒரு வார்த்தை சொன்னார். வண்டி ஓட்டி வந்தவர் விளக்கினார்: அன்றைய முதல் வியாபாரம், அதற்காகவே இவ்வளவு குறைத்திருக்கிறார். "போணிங்க! இதுக்கு மேல குறைக்காதீங்க" என்றார் மருமகள். எழுபதுக்கே வாங்கினார்கள். அந்த அம்மாள் நோட்டை வாங்கிக் கடையில் தொங்கிய துணிகளை எல்லாம் அதனால் ஒரு முறை தொட்டுத் தொட்டு எடுத்தார். கடல் கடந்த நாட்டில் நம் போணி!

இன்னொன்றும் கேள்விப்பட்டார்கள். 210 நாளுக்கு ஒரு முறை அங்கே செல்வத்துக்குரிய தெய்வமான ரம்புத் செதானாவுக்குப் பூசை. வியாபாரிகள் பணத்தையே வைத்து வணங்குவார்கள். அன்று கடன் கொடுப்பதையும் அடைப்பதையும் தவிர்ப்பார்கள். வெள்ளிக்கிழமை கல்லாவிலிருந்து கடன் கொடுக்கத் தயங்கும் நமக்கு இது புரியாததல்ல.

விலை ஒட்டிய கடை

மாலையில் ஒரு பெரிய கடைக்குப் போனார்கள். ஊருக்குக் கொண்டுபோகும் பரிசுப் பொருள்களை 'ஒலே ஒலே' என்பார்கள்; அதற்கென்றே உள்ள கடை. எல்லாவற்றிலும் விலைச் சீட்டு. பேரமில்லை, யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. காப்பித்தூள், வெனிலா, சோப்பு, சாவிக் கொத்து என்று அரை மணியில் கூடை நிறைந்தது. பிளாஸ்டிக் பைக்கு 2019-ல் தடை வந்துவிட்டதால் துணிப்பை. அதே ஆண்டு நம் மாநிலத்திலும் தடை வந்ததை நாம் அறிவோம்.

அன்றைய செலவில் பெரும்பகுதி இந்தக் கடைக்கே போயிற்று. ஆனால் ஊர் திரும்பிய பிறகு பிள்ளையும் மருமகளும் பேசுவது அந்தக் கடையைப் பற்றி அல்ல. போணி அம்மாளைப் பற்றி. பணம் ஒரு கடைக்கு, மனம் ஒரு கடைக்கு என்று ஆனது ஏன்? பெரிய கடையில் ஏமாற மாட்டோம் என்ற நிம்மதி கிடைத்தது. ஆனால் அங்கே பேச ஆள் இல்லை. சந்தையில் பேச ஆள் இருந்தார். ஆனால் சரியான விலை எது என்று கடைசிவரை தெரியவில்லை.

நாம் செய்ய வேண்டியது

வெளியூராரை மட்டும் நம்பிய வியாபாரத்தின் ஆபத்தையும் பாலி காட்டியிருக்கிறது. 2002 அக்டோபர் 12 அன்று கூட்டாவில் குண்டு வெடித்து 202 பேர் இறந்தார்கள், கடைவீதிகள் வெறிச்சோடின. 2019-ல் அறுபது லட்சத்துக்கும் மேல் வெளிநாட்டினர் வந்த தீவுக்கு, கொரோனாவால் 2021 முழுவதும் நேராக வந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. பயணிகளை நம்பியிருந்த சிலர் கடற்பாசி வளர்க்கத் திரும்பினார்கள். அதே கொரோனா காலத்தில் நம் மளிகைக் கடைகள் திறந்திருந்தன. தெருவே நம்மிடம் வந்தது. தினமும் வரும் வாடிக்கையாளர் எத்தகைய சொத்து என்பதை அப்போது கண்டோம்.

அந்தச் சொத்தை இன்று பல்பொருள் அங்காடியும், வீட்டுக்கே கொண்டுவந்து தரும் கம்பெனிகளும் கேட்கின்றன. அவர்களிடம் உள்ள விலைச் சீட்டை நம் கடையிலும் வைப்பதற்கு என்ன தடை? மூட்டைப் பருப்புக்கும் அரிசிக்கும் ஒரு பலகையில் அன்றைய விலையை எழுதி வைக்கலாம். தெரிந்தவருக்கு ஒன்று, தெரியாதவருக்கு ஒன்று என்று இல்லாமல், தெருவில் புதிதாகக் குடிவந்தவருக்கும் அதே விலை சொல்லலாம். விலையைப் பலகை சொல்லிவிட்டால், "அப்பாவுக்கு உடம்பு தேவலையா?" என்று விசாரிக்க நமக்கு நேரம் கிடைக்கும்.

அந்தப் பிள்ளை ஊர் திரும்பிய வாரமே தன் கடையில் விலைப் பலகை மாட்டிவிட்டார். எழுதுவது மருமகள். மற்ற உறுப்பினர்களும் செய்து பார்த்து, அனுபவத்தை நமக்கு எழுத வேண்டுகிறோம்.